15,000 ரூபாய்க்குள் டெஸ்க்டாப், யோசனை சொல்லுங்கள்

வணக்கம், நமக்கு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர். மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். டேலி, எக்செல் பழக ஒரு டெஸ்க்டாப் வேண்டும். மானிட்டரோடு சேர்த்து 15,000 ரூபாய்தான் முடியும்.

காரைக்குடியில் ஒரு கடையில், ஆபீஸில் கழித்த பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தேன், இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது! ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டால் பறக்குமாம். சரி, ஆனால் விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டுமே? விண்டோஸ் 10 ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

இந்த விலைக்கு எட்டாம் தலைமுறை செகண்ட் ஹேண்டில் கிடைக்குமா? மதுரை, திருச்சி என்றாலும் போய் வருவேன். அப்புறம், வளவை (வீட்டு உள்முற்றத்தை) ஒட்டிய அறையில் கரண்ட் ஏறி இறங்கும். யுபிஎஸ்ஸை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாமா?