அப்பாவுக்கு ஒரு இருமல்கூட இல்லை

அப்பாவுக்கு 64 வயது. சிகரெட் தொட்டதே இல்லை. விடியற்காலையில் மெயின் ரோட்டோரமாக முக்கால் மணி நேரம் நடப்பார். அன்று மூன்றாவது நாளாகப் புகைமூட்டம், எதிர்வீடே மங்கல். "பனிதான்" என்று கிளம்பிவிட்டார். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயுப்பிடிப்பு என்று வெந்நீர் கொடுத்தோம். அரை மணி நேரம் வீண். வியர்த்துக் கொட்டிய பிறகுதான் ஓடினோம். ஹார்ட் அட்டாக். ஸ்டென்ட் வைத்தார்கள்.

எந்த வழியாக நடக்கிறார் என்று டாக்டர் கேட்டது எனக்குப் புரியவில்லை. புகை என்றால் நுரையீரல்தானே? 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்காதாம். நுரையீரலின் அடிவரை போய் அங்கே அழற்சியைக் கிளப்பும், அது ரத்தத்தோடு பரவும். ரத்தம் சீக்கிரம் உறையும், குழாய்கள் இறுகும், ஏற்கெனவே கொழுப்புப் படிந்த இடம் வெடித்தால் அடைப்புதான். அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. புகை மட்டுமே காரணம் என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் தேடிப் படித்தேன். 2019இல் வெளிக்காற்று மாசால் அகால மரணம் அடைந்தவர்கள் 42 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் சுமார் 68 சதவீதம் மாரடைப்பு போன்ற இதய நோயும் பக்கவாதமும்.

*

உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்தேன். நான் பஸ் டிரைவர். எனக்கும் ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பகுதியில் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களை விசாரித்து 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். போக்குவரத்தில் இருந்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்காம். காரில் போனவர், பஸ்ஸில் போனவர், சைக்கிளில் போனவர் எல்லாரும் அதில் உண்டு. டென்ஷனும் சேர்ந்திருக்கலாம். படித்த அன்றே சிக்னலில் முன்னால் நிற்கும் லாரியிலிருந்து நாலடி தள்ளி நிறுத்தத் தொடங்கினேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். துணி மாஸ்க் போட்டால் போதுமா? உங்கள் அப்பா ஏதாவது போடுகிறாரா?

*

மேலே கேட்ட டிரைவருக்கு: துணி மாஸ்க் இந்தத் துகளுக்குப் போதாது, என்95 முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் உதவும். அப்பா அதைப் போட மாட்டார். இப்போது எழுந்ததும் போனில் காற்று மாசின் அளவைப் பார்க்கிறார். அந்த நுண்துகள் 24 மணி நேர சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 15 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது மனப்பாடம். கூடுதலாக இருந்தால் சாப்பாட்டு மேசையைச் சுற்றியே நடக்கிறார், தலை சுற்றுகிறது என்று எங்களைத் திட்டிக்கொண்டே.