மழை வரைபட அனிமேஷன் போனில சிக்கிச் சிக்கி ஓடுது: எஸ்விஜியா, கன்வஸா, வெப்ஜிஎல்லா?

கேள்வி (மட்டக்களப்பு):
மாவட்டத்துட 14 பிரதேச செயலாளர் பிரிவும் அடியில. அதுக்கு மேல வயல் துண்டுக்கு ஒரு புள்ளியா 8,000 புள்ளி. பெரும்போக மாதங்கள்ல நாள் நகர நகர, மழைக்கு ஏத்த மாதிரி நிறமும் பருமனும் மாறணும். இப்ப டி3இல (தரவை வரைபடமாக் கீறுற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) எஸ்விஜி வட்டம். கணினியில பரவாயில்ல, போனில இழுபடுது. வெப்ஜிஎல்லுக்கு (கிராபிக்ஸ் சிப்பால கீறுற முறை) மாறவா? புள்ளியைத் தொட்டா விவரமும் வரணும்.

பதில் (கல்முனை):
வெப்ஜிஎல் வேணாம் தம்பி, கன்வஸ் 2டி (எல்லாத்தையும் ஒரே படத்தில பிக்சலாக் கீறுற முறை) போதும். எஸ்விஜியில ஒவ்வொரு வட்டமும் டொம்மில (பிரவுசர் வச்சிருக்கிற பக்க உறுப்புகளிட பட்டியல்) தனி உறுப்பு. நிறம், ஆரம் ரெண்டையும் மாத்தினா பிரேமுக்கு (அனிமேஷன்ல ஒரு படத்துக்கு) 16,000 மாற்றம். 60 ஹெர்ட்ஸ் திரையில பிரேமுக்குக் கிடைக்கிறதே 16.7 மில்லிசெக்கன், பிரவுசர் ஸ்டைலைக் கணக்குப் பாத்துக் கீறி முடிக்கிறதும் அதுக்குள்ளதான்.

14 பிரிவும் அசையாது, எஸ்விஜியிலயே இருக்கட்டும். புள்ளிக்கு மட்டும் மேல ஒரு கன்வஸ். நிறத்தை 8 படியாப் பிரிச்சு, படிக்கு ஒரு பிகின்பாத் (புதுப் பாதை தொடங்குற கட்டளை), கடைசியில ஒரே ஃபில் (நிறம் நிரப்புற கட்டளை). ஒவ்வொரு ஆர்க்குக்கும் (வட்டம் கீறுற கட்டளை) முதல் மூவ்டு (பேனையைத் தூக்கி அடுத்த இடத்தில வைக்கிற கட்டளை) போட மறக்காதீங்க. விட்டா வட்டங்கள் ஒண்டோடொண்டு இழுபட்டுக் கோணல் வடிவம் நிரம்பும்.

தொடுகைக்கு குவாட்ட்ரீ (இடத்தை நாலு நாலாப் பிரிச்சு, கிட்டவுள்ள புள்ளியைக் கெதியாத் தேடுற அமைப்பு). புள்ளி இடம் மாறாததால ஒருக்காக் கட்டினாப் போதும். அதிட ஃபைண்ட் கட்டளையில தேடுற ஆரமும் குடுங்க, இல்லாட்டி வெறும் இடத்தைத் தொட்டாலும் தூரத்துப் புள்ளி வரும்.

கேட்டவர்:
வேகம் சரி அண்ணன். ஆனா புள்ளி மங்கல். கன்வஸில எழுதுற தமிழ்ப் பெயர் முதல் தடவை வேற எழுத்துருவில வருது.

பதில் (அக்கரைப்பற்று):
மங்கலுக்கு: கன்வஸ் அகலம், உயரத்தை டிவைஸ் பிக்சல் ரேஷியோவால (சிஎஸ்எஸ் பிக்சலுக்குத் திரையில எத்தனை பிக்சல் எண்ட விகிதம்) பெருக்கி, செட்டிரான்ஸ்ஃபோமில (கீறுற அளவை மாத்துற கட்டளை) அதே எண்ணைக் குடுங்க. 2க்கு மேல போக வேணாம்; 3 எண்டா 9 மடங்கு பிக்சல்.

எழுத்துருவுக்கு: எழுத்துரு வந்த பிறகு கன்வஸ் தானாத் திரும்பக் கீறாது. டொக்கியுமென்ட் ஃபொன்ட்ஸ் லோட் (எழுத்துருவை இறக்குற கட்டளை) முடியும்வரை காத்திருந்து கீறுங்க. அதுல ரெண்டாவது மதிப்பாத் தமிழ்ச் சொல் ஒண்டு கட்டாயம். விட்டா வெறும் இடைவெளியைத்தான் சோதிக்கும். அதால, யூனிகோட் வீச்சு பிரிச்ச (எழுத்து வகைக்கு ஒரு கோப்பா வெட்டின) எழுத்துருவில தமிழ்ப் பகுதி இறங்காது.

இன்னொண்டு: நாளை நகர்த்துறதை பிரேம் எண்ணி செய்யாதீங்க, 120 ஹெர்ட்ஸ் போனில இரட்டை வேகத்தில ஓடும். ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் (ஒவ்வொரு பிரேமுக்கும் முதல் பிரவுசர் நம்ம கோடைக் கூப்பிடுற வசதி) தாற நேரத்தை வச்சுக் கணக்குப் பாருங்க.

பதில் (கல்முனை):
ஒரு நாள் மழைக்கும் அடுத்த நாள் மழைக்கும் நடுவில மதிப்பை மெல்ல மாத்தாதீங்க. அது நாளோட மொத்தம். நேற்று 80 மில்லிமீட்டர், இண்டைக்கு 0 எண்டா, நடுவில காட்டுற 40 எங்கயும் பெய்யாத மழை. நாளுக்கு நாள் சட்டெண்டு மாறட்டும்.