ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் பயமில்லையாம்

டாஷ்போர்ட் பாதுகாப்பைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை சீசன் என்பதால் அறைப் பதிவு, புறாமலைத் தீவுப் படகு, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் ஒரு வணிகப் பகுப்பாய்வு மென்பொருளுக்குள் போய் வரைபடமாக வரும். முதலாளி தேத்தண்ணியோடு முதலில் திறப்பது அந்த டாஷ்போர்டைத்தான்.

கணக்குப் பார்க்கும் அக்கா ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, உள்ளுக்கு வந்த பிறகும் திரும்ப பாஸ்வேர்ட் கேக்குது, போடவா?" என்றார். போய்ப் பார்த்தால் விருந்தினர் கோரிக்கைகள் வரும் அட்டவணைக்கு நடுவில் ஒரு லொகின் பெட்டி! எழுத்தின் அளவு மட்டும்தான் கொஞ்சம் பிசகு. பிரவுசரில் உள்ளே பிரித்துப் பார்த்தபோது, அந்தப் படிவம் போய்ச் சேரும் முகவரி எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தளம்.

யாரும் ஹெக் பண்ணி உள்ளே வரவில்லை. எங்கள் பதிவுப் பக்கத்தில் "சிறப்புக் கோரிக்கை" கட்டத்துக்குள் யாரோ எச்டிஎம்எல்லில் (வலைப்பக்கம் எழுதும் மொழி) படிவம் ஒன்றை முழுசாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், டாஷ்போர்ட் அதை எழுத்தாகக் காட்டாமல் பக்கத்தின் பகுதியாகவே வரைந்துவிட்டது. லொகினே இல்லாத வெளியாள் எழுதியது முதலாளியின் திரையில் வருகிறது, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மென்பொருள்காரருக்கு முறைப்பாடு அனுப்பினேன். "ஸ்கிரிப்ட் ஓடாது, சிஎஸ்பி தடுக்கிறது, ஆபத்துக் குறைவு" என்று பதில். (ஸ்கிரிப்ட் என்றால் பக்கத்துக்குள் ஓடும் நிரல்; சிஎஸ்பி என்பது பக்கம் எதை ஏற்றலாம், எங்கே அனுப்பலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதிகள்.) ஸ்கிரிப்ட் ஓடாதது உண்மைதான், எங்கள் கணக்கிலேயே போட்டுப் பார்த்தேன். (உங்கள் கணக்கில் மட்டும் சோதியுங்கள், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் சும்மா இல்லை.) ஆனால் பாஸ்வேர்டை வாங்கி அனுப்ப ஒரு படிவத்துக்கு ஸ்கிரிப்ட் எதற்கு? சிஎஸ்பியில் டிஃபால்ட்-சோர்ஸ் என்ற பொது விதியை எவ்வளவு இறுக்கினாலும் அது படிவங்களைக் கட்டுப்படுத்தாது, படிவம் எங்கே போகலாம் என்று சொல்லும் ஃபார்ம்-ஆக்ஷன் விதியைத் தனியாக எழுத வேண்டும். அவர்கள் எழுதவில்லை.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிசாகப் பட்டது. அதே "சிறப்புக் கோரிக்கை" கட்டத்துக்குள் என் சர்வரில் உள்ள ஒரு படத்தின் முகவரியை வைத்துவிட்டு பிடிஎஃப் அறிக்கை எடுத்தேன். படத்தைக் கேட்டு வந்தது எங்கள் பிரவுசர் இல்லை, அறிக்கை தயாரிக்கும் அவர்களுடைய சர்வர்! வெளியாள் எழுதிய முகவரியை அந்த சர்வர் போய்த் திறக்கிறது என்றால், வெளியிலிருந்து தொட முடியாத அவர்களின் உள் வலையமைப்பு முகவரியைக் கொடுத்தால் என்ன நடக்கும்? இதை எழுதி அனுப்பிய பிறகுதான் பதிலின் தொனி மாறியது.

அவர்கள் சரிசெய்யும் வரைக்கும் தற்காலிகமாக, தரவு டாஷ்போர்டுக்குள் போகும் வழியில், எச்டிஎம்எல்லாக வேலை செய்யாதபடி கோண அடைப்புக்குறிகளை (< >) மாற்றிவிடும் ஒரு வரியைச் சேர்த்தேன். உண்மையில் அந்த வேலை, டாஷ்போர்ட் அதைக் காட்டும் இடத்தில் நடக்க வேண்டியது.

அப்புறம் வந்த அப்டேட்டில் அட்டவணையும் பிடிஎஃப்பும் சரி. வரைபடத்தின் மேல் மவுஸை வைத்தால் வரும் சின்னக் குறிப்பில் மட்டும், சோதனைக்குத் தடித்த எழுத்துக் குறியோடு போட்ட சொல் இன்னும் தடித்த எழுத்தில்தான் தெரிகிறது, அதாவது எச்டிஎம்எல் அங்கே இன்னும் வேலை செய்கிறது. அதையும் அனுப்பியிருக்கிறேன். உங்களுடைய டாஷ்போர்டில் அந்த இடத்தை யாராவது பார்த்தீர்களா?