விஎல்சி இறக்கினேன், கூடவே நாலு பேர் குடிவந்துவிட்டார்கள்

தறிநாடா:
அப்பா பென்டிரைவில் கல்யாண வீடியோ கொண்டுவந்தார், லேப்டாப்பில் ஓடவில்லை. அவசரத்தில் கூகுளில் தேடி, மேலே முதலில் வந்த இணைப்பைத் தட்டி வீடியோ ஓட்டும் விஎல்சி மென்பொருளை இறக்கி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அமுக்கிவிட்டேன். வீடியோ ஓடியது. மறுநாள் குரோமைத் திறந்தால் கூகுள் இல்லை, பெயரே கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம். ‘உங்கள் கணினியில் 1,300 பிழைகள்’ என்று ஒரு மென்பொருள் தானாக ஓடுகிறது. வலது கீழ் மூலையில் நிமிடத்துக்கு ஒரு வைரஸ் எச்சரிக்கை வேறு. தெரிந்தவற்றை அன்இன்ஸ்டால் செய்தேன், அந்தத் தேடல் பக்கம் மட்டும் ரீஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. விண்டோஸ் 11. ஃபார்மேட் செய்ய 800 ரூபாய் கேட்கிறார்கள், கொடுத்துவிடட்டுமா?

பெஞ்ச்மேஸ்திரி:
வேண்டாம் தம்பி, 800 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் பட்டியலை இன்ஸ்டால் செய்த தேதிப்படி அடுக்குங்கள். அன்றைக்கு வந்த கூட்டம் மொத்தமும் ஒரே இடத்தில் தெரியும், விஎல்சி உட்பட எல்லாவற்றையும் தூக்குங்கள்.

மூலையில் வரும் எச்சரிக்கை பெரும்பாலும் வைரஸே இல்லை, ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப ‘அலோ’ கேட்டபோது அமுக்கியிருப்பீர்கள். குரோமில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளத்தை நீக்கினால் அடங்கிவிடும்.

திரும்பத் திரும்ப வருகிறதே, அதுதான் கவனிக்க வேண்டியது. டெஸ்க்டாப்பில் குரோம் ஐகானை வலது சொடுக்கி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள், டார்கெட் பெட்டியில் குரோம் டாட் இஎக்ஸ்இ-க்குப் பின்னால் இணைய முகவரி ஏதாவது ஒட்டியிருந்தால் அழியுங்கள். அப்புறம் குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று இருக்கிறதா? வீட்டு லேப்டாப்பில் அது இருந்தால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசி, அதாவது குரோம் மீறமுடியாத கட்டளை, எழுதிவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம், அதனால்தான் அந்தத் தேடல் பக்கத்தைக் கொண்டுவரும் எக்ஸ்டென்ஷனை, அதாவது குரோமில் ஒட்டிக்கொள்ளும் துணை மென்பொருளை, நீக்கினாலும் குரோமே மறுபடி கொண்டுவந்து வைக்கிறது. மென்பொருளைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரையும் ஒரு பார்வை பாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கப் பயமாக இருந்தால் இந்த மாதிரி விளம்பரக் குப்பையை நீக்கும் ஏட்டபிள்யூகிளீனரை ஓடவிடுங்கள், இலவசம்தான், ஆனால் அதை வெளியிடும் மால்வேர்பைட்ஸ் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அதற்கும் போலி உண்டு!

குட்டிச்சுவர்:
மேஸ்திரி சொன்ன பாலிசி விஷயம் ஆபீஸ் லேப்டாப்பில் சகஜம், அங்கே அதை நோண்டாதீர்கள்.

பெரிய தளம் என்றால் நம்பலாம் என்பதும் கிடையாது. ஜாவா இன்ஸ்டாலரிலேயே பல வருஷம் பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் ஆஸ்க் டூல்பார் என்ற தேடல் பட்டை டிக் போட்டபடியே வந்தது. மென்பொருள் இறக்கும் தளமான சோர்ஸ்ஃபோர்ஜ் என்றால் ஒரு காலத்தில் கட்டற்ற மென்பொருளுக்குக் கோயில் மாதிரி; அவர்களே விளம்பர இன்ஸ்டாலர் வைக்க ஆரம்பித்ததும் 2013-இல் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் குழு விண்டோஸ் கோப்பைத் தங்கள் சொந்தத் தளத்துக்கே கொண்டுபோய்விட்டது. 2015-இல் அங்கே சும்மா கிடந்த கிம்ப் பக்கத்தைத் தளக்காரர்களே கையில் எடுத்து விளம்பரம் சுற்றிய கோப்பைக் கொடுக்க, பெரிய சண்டையானது. 2016-இல் தளம் கைமாறிய பிறகுதான் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள்.

நான் இப்போது டவுன்லோட் பட்டனையே தேடுவதில்லை. விண்டோஸில் மென்பொருளை இறக்கி நிறுவும் விங்கெட் என்ற கட்டளை இருக்கிறது, டெர்மினலில் ஒரு வரி போதும். அதுவும் வேண்டாம் என்றால் விஎல்சிக்கு வீடியோலேன் டாட் ஆர்க் என்று நீங்களே தட்டச்சு செய்து போங்கள், தேடலில் மேலே நிற்பது விளம்பரமாகவும் இருக்கலாம். இன்ஸ்டாலரில் ‘கஸ்டம்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், ‘எக்ஸ்பிரஸ்’ என்றால் எல்லாவற்றுக்கும் சரி என்று அர்த்தம்.

தறிநாடா:
பாலிசிதான்! ஏட்டபிள்யூகிளீனர் பிடித்தது, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன், கூகுள் அப்படியே நிற்கிறது. நன்றி அண்ணா.

பெஞ்ச்மேஸ்திரி:
சரி. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா பாருங்கள். அந்த 1,300 பிழைக்காரனுக்குக் காசு ஏதும் கட்டவில்லையே?

தறிநாடா:
அப்பா கார்டு நம்பர் வரைக்கும் போட்டுவிட்டார் அண்ணா. நல்லவேளை, ஓடிபி வந்த போன் அம்மாவிடம் இருந்தது, அம்மா கோயிலில் இருந்தார்.

பெஞ்ச்மேஸ்திரி:
அந்தக் கார்டை இன்றைக்கே பிளாக் செய்யச் சொல்லுங்கள்.