கரீபியன் தீவுகளில் ஆட்களைப் படம் எடுத்த அனுபவங்கள்

கடலையும் எரிமலையையும் யார் எடுத்தாலும் அழகாகத்தான் வரும். எனக்கு மனிதர்களை எடுப்பது பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது. பாரிஸில் வசிக்கிறேன். குவாதலூப் பிரான்ஸைச் சேர்ந்த தீவு என்பதால் ஓர்லியில் விமானம் ஏறினால் எட்டு மணி நேரச் சொச்சத்தில் போய் இறங்கிவிடலாம். அங்கே கேமராவை எடுக்கும் முன் வாயைத் திறக்க வேண்டும். கடைக்குள் நுழைந்தாலும், பேருந்தில் ஏறினாலும், வழி கேட்டாலும் முதல் சொல் 'போன்ஜூர்', அதாவது வணக்கம். அதைச் சொல்லாத ஆளை, செருப்போடு பூஜை அறைக்குள் வந்தவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

புவாந்தாபித்ர் நகரில் மசாலாச் சந்தை ஒன்று இருக்கிறது. பட்டை, ஜாதிக்காய், வெனிலா, ரம் பாட்டில்கள். நடுவே தலையில் கட்டம் போட்ட மத்ராஸ் துணி கட்டிய அம்மாக்கள். சொகுசுக் கப்பல் வரும் நாளில் பயணிகள் கும்பலாக நுழைந்து, ஒரு வார்த்தை பேசாமல் முகத்துக்கு நேரே மொபைலை நீட்டுவார்கள். நான் நின்றிருந்த கடைக்கார அம்மா பக்கத்தில் கிடந்த கூடை மூடியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். கோபம்கூட இல்லை, பழகிப்போன கை.

நான் கொலம்போ பொடி, அதாவது அந்த ஊர்க் குழம்புப் பொடி வாங்கினேன். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், மிளகு என்று அவர் அடுக்கினார். எங்கள் வீட்டில் வறுத்து அரைப்போம், கூடவே காய்ந்த மிளகாயும் போடுவோம் என்றேன். காரத்தை ஏன் பொடியில் சேர்க்கிறீர்கள், முழு மிளகாயைக் குழம்பில் மிதக்க விட்டால் போதாதா என்று கேட்டார். கொஞ்ச நேரம் சமையல் பேச்சுதான். அப்புறம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "இருங்க" என்று சொல்லித் தலைத்துணியின் முடிச்சைச் சரிசெய்துகொண்டார். எடுத்ததை வாங்கிப் பார்த்தார். கண் பாதி மூடியிருந்ததால் அதை அழிக்கச் சொன்னார். அழிந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த படத்துக்குச் சம்மதித்தார். தன் முகம் எப்படி வெளியே போக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இந்தக் கறாருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1900 வாக்கில் இந்தத் தீவுகளின் பெண்களைப் படம் எடுத்து அஞ்சல் அட்டையாக விற்றார்கள். கீழே அந்தப் பெண்ணின் பெயர் இருக்காது. இன்ன 'வகை', 'கூலிப் பெண்' என்று அச்சடித்திருப்பார்கள். அடிமை முறை 1848-லேயே ஒழிந்துவிட்டது. ஆனாலும் கேமராவுக்கு முன் நின்றவர் ஓர் ஆளாக இல்லை, மாதிரியாகத்தான் இருந்தார்.

இதில் நம் ஆட்களும் உண்டு. 1854 டிசம்பர் 24-ல் ஒரேலி என்ற கப்பலில் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் குவாதலூப் வந்து இறங்கினார்கள். 1889 வரை சுமார் 42,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள் அதில் ஏராளம். கப்பெஸ்தெர் என்ற ஊர்ப் பக்கம் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே அவர்களின் கோயில்கள் இருக்கின்றன. மாரியம்மனை 'மாலியேமன்' என்கிறார்கள். தப்பும் மத்தளமும் இன்றும் முழங்குகின்றன.

ஒரு குடும்பம் நடத்திய பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பூசாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார்: கிடா வெட்டும்போது கேமரா வெளியே வரக் கூடாது. நெடுங்காலம் பாதிரியார்களும் துரைமார்களும் இந்த வழிபாட்டைக் கேவலமாகப் பேசியிருக்கிறார்கள். இப்போது யாராவது அரிவாளையும் ரத்தத்தையும் மட்டும் எடுத்துப் பரப்பினால் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகளைத்தான் கேலி செய்வார்கள். நியாயம்தானே? பந்தியில் வாழையிலை போட்டதும் அவரே கூப்பிட்டு, "இப்ப எடுங்க" என்றார்.

நம்மவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். முகம் நம் சித்தப்பா முகம் மாதிரி இருக்கும், பெயர் ராமசாமியாக இருக்கும். அந்த உரிமையில் தோளில் கை போட்டு செல்ஃபி எடுக்கத் தோன்றும். வேண்டாம். கப்பெஸ்தெரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904-ல் தொடங்கிய போராட்டம் 1923-ல்தான் முடிந்தது. அந்த மண்ணில் தங்களுக்கென்று ஓர் இடத்தைப் பாடுபட்டு வாங்கியவர்கள் அவர்கள். சிலர் தமிழ் வேர் பற்றி ஆசையாகப் பேசுவார்கள், சிலர் "நான் குவாதலூப்காரன்" என்று நிறுத்திக்கொள்வார்கள். படத்துக்குக் கீழே என்ன எழுதலாம் என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது.

ஆகஸ்டில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். புனித லாரன்ஸ் திருநாளை ஒட்டி புவாந்தாபித்ரில் சமையல்காரப் பெண்களின் விழா நடக்கும். தங்க நகையும் மத்ராஸ் உடையுமாக, பலகாரக் கூடைகளோடு தேவாலயத்திலிருந்து ஊர்வலம் வருவார்கள். அன்றைக்கு அவர்களே உங்களை நிறுத்திப் படம் எடுக்கச் சொல்வார்கள்.

*

அக்கா, உங்கள் குவாதலூப் பதிவைப் படித்தேன். கியூபாவின் ஹவானாவில் கதை வேறு. பழைய நகரத்தின் கதீட்ரல் சதுக்கத்தில் பளிச்சென்ற பாவாடை, பூக்கூடை, வாயில் பெரிய சுருட்டு என்று பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். படம் எடுத்தால் காசு. இதைப் பிச்சை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 2010-ல் கியூபா அரசு அனுமதித்த சுயதொழில் பட்டியலில் இந்த வேலையும் இருந்தது. வெயிலில் நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக் கொடுத்துவிட்டால் நிதானமாக எடுக்கலாம். நான் எடுத்தபோது நிழல் முகத்தில் விழுகிறது என்று அந்த அம்மாவே நாற்காலியை நகர்த்திப் போட்டார். தொழில் தெரிந்தவர்!

ஆனால் அதே தெருவில் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்தி, வெள்ளைக் குடையும் கையில் மணிக்காப்புமாகப் போகிறவர்களைப் பார்ப்பீர்கள். ஆப்பிரிக்க மரபும் கத்தோலிக்கமும் கலந்த சாந்தேரியா வழிபாட்டில் புதிதாகத் தீட்சை பெற்றவர்கள். ஒரு வருட விரதம். படம் எடுத்துக்கொள்வதற்கும் அவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. வெள்ளை உடை அந்தப் பழைய சுவர்களுக்கு முன்னால் அவ்வளவு அழகாக இருக்கும், கை துறுதுறுக்கும். கேமராவை இறக்கிவிடுங்கள்.

*

அக்கா, பதிவைப் படித்ததும் நானும் ஒன்று சொல்லத் தோன்றியது. டொமினிக்கா என்ற சிறு தீவு நாட்டில் கலினாகோ மக்களின் பகுதிக்குப் போயிருந்தேன். கொலம்பஸுக்கு முன்பிருந்தே அந்தத் தீவுகளில் வாழும் பழங்குடிகள். 1903-ல் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கினார்கள். லரூமா நாணலைச் சீவிக் கூடை பின்னுகிறார்கள். ஒரு பாட்டி முகம் வேண்டாம், கை மட்டும் எடு என்றார். நாணலின் பழுப்பும் கறுப்பும் மாறி மாறி விரலுக்கடியில் ஓடும் அந்தப் படம்தான் என் பயணத்திலேயே சிறந்தது. கூடையும் வாங்கினேன்.

நீங்கள் எடுத்த படங்களை அவர்களுக்கு எப்படி அனுப்புகிறீர்கள்?

*

தம்பி, அங்கே எல்லோரிடமும் வாட்ஸப் இருக்கிறது, நின்ற இடத்திலேயே அனுப்பிவிடுவேன். வயதானவர்களுக்குக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தால்தான் மகிழ்ச்சி. சந்தை அம்மாவுக்கு மறுநாளே பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன், பக்கத்துக் கடைக்காரர்களும் அவர்களை எடுக்கச் சொன்னார்கள். இன்னொன்று: குவாதலூப்பில் பிரெஞ்சுச் சட்டம்தான். எடுக்கச் சம்மதித்தவர் இணையத்தில் போடவும் சம்மதித்துவிட்டதாக ஆகாது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.