ஐம்பது தோட்டாக்கள், நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு: இவற்றைச் சுடலாமா?

டெக்சாஸ் புதியவன் (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் குறி சுடும் மைதானத்துக்கு அழைத்துப்போய்ப் பழக்கியதில் .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்று வாங்கினேன். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடுகளில் வீட்டிலேயே வெடிமருந்து போட்டு மறுபடி தோட்டாவாக்கிக்கொள்ளலாம் என்று ஒற்றை நிலை பிரஸ் (கூட்டில் குண்டை அழுத்திப் பொருத்தும் கருவி), மின்னணுத் தராசு, அச்சிட்ட கையேடு எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். இது என்னுடைய இரண்டாவது ஐம்பது.

நான் வேலை செய்த முறை இதுதான்: பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்திய கூடு ஒன்றை எடுப்பேன், தட்டில் மருந்தை நிறுப்பேன், புனல் வைத்து ஊற்றுவேன், உடனே பிரஸ்ஸில் வைத்துக் குண்டை அழுத்திவிடுவேன். ஏறத்தாழ முப்பதாவது தோட்டாவின்போது தஞ்சாவூரிலிருந்து அம்மா அழைத்தார். இருபது நிமிடம் பேசிவிட்டு வந்து பார்த்தால் பிரஸ்ஸில் ஒரு கூடு நிற்கிறது, தட்டு காலியாகத் தராசின்மேல் இருக்கிறது. ஊற்றிவிட்டுப் போனேனா, ஊற்றாமல் போனேனா என்று நினைவில்லை. கூட்டுக்குள் எட்டிப் பார்த்ததாகத்தான் நினைக்கிறேன். அதற்கும் மேலே, காலித் தட்டுடன் பூஜ்யம் காட்ட வேண்டிய தராசு கழித்தல் 0.4 கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறு அலகு) காட்டியது. பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டு மீதியை முடித்தேன். இப்போது ஐம்பதும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கின்றன.

முடிந்த தோட்டாக்களை நிறுத்துப் பார்த்தால் மருந்து இல்லாததையும் இரண்டு மடங்கு விழுந்ததையும் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? தராசைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? ஒன்றில் மருந்தே இல்லை என்றால் அது வெடிக்காது, அவ்வளவுதானே?

கூடு பொறுக்கி (ஞாயிறு, இரவு 10.15)

தம்பி, முதலில் அந்தப் பெட்டியின்மேல் ஒரு தாளை ஒட்டி, "சுடக்கூடாது" என்று தடித்த எழுத்தில் எழுதிவிடுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன், ஏனென்றால் மூன்றில் அதுதான் ஆபத்தானது. மருந்து இல்லாத தோட்டா சும்மா இருக்காது. பிரைமர் தனியாகவே குண்டைத் தள்ளும் வலு உள்ளது. குண்டு கூட்டைவிட்டுக் கிளம்பி, குழலுக்குள் சில அங்குலம் போய்ச் செருகிக்கொண்டு நின்றுவிடும். சிலிண்டருக்கும் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை) குழலுக்கும் நடுவிலேயே நின்றால் சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். அது உங்கள் அதிர்ஷ்டம். முழுவதும் குழலுக்குள் போய்விட்டால் சிலிண்டர் எப்போதும்போல் சுழலும், அடுத்த தோட்டா ஒழுங்காக வெடிக்கும், முன்னால் அடைப்பு இருக்கும். குழல் புடைக்கும், அல்லது பிளக்கும். மைதானத்தில் வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக "பொத்" என்று அமுங்கிய சத்தம் கேட்டாலோ, கையில் உதைப்பு தெரியாவிட்டாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். குழலை இலக்குப் பக்கமே முப்பது விநாடி பிடித்திருங்கள், தாமதித்து வெடிக்கவும் கூடும். பிறகு எல்லாத் தோட்டாக்களையும் வெளியே எடுத்துவிட்டு, குழலில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.

நிறுத்துப் பார்க்கும் யோசனை எல்லாருக்கும் வருவதுதான், எனக்கும் வந்தது. ஆனால் .38இல் மருந்தின் எடை சில கிரெயின்தான். நீங்கள் நிறுக்கப்போவதோ கூடும் குண்டும் பிரைமரும் சேர்ந்த இருநூற்றுச் சொச்சம் கிரெயினை. பெட்டியில் 158 கிரெயின் என்று போட்டிருக்கும் ஈயக் குண்டே ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின் இருக்கும். கூடுகள் பல கம்பெனிகளுடையவை என்றால் சொல்லவே வேண்டாம். நம்பிக்கை வராவிட்டால் பத்து காலிக் கூடுகளைத் தனித்தனியாக நிறுத்து எழுதிப் பாருங்கள்.

குறி பார்ப்பவள் (திங்கள், காலை 7.05)

காதோரம் குலுக்கிப் பார்க்கச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம். இரண்டு மடங்கு மருந்தும் ஒரு மடங்கு மருந்தும் ஒரே மாதிரிதான் சலசலக்கும்.

.38 ஸ்பெஷலுக்கு என்று ஒரு வில்லங்கம் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது 1898இல் கரிமருந்துக்காக வடிவமைத்த கூடு, அதனால்தான் அவ்வளவு நீளம். இன்றைய புகையில்லா மருந்து அதே வேலையைச் சிறு அளவிலேயே செய்துவிடுகிறது. இன்றைய அளவை ஊற்றினால் பெரிய அண்டாவின் அடியில் ஒரு படி அரிசி கிடப்பதுபோல் இருக்கும். இரண்டாவது படியைக் கொட்டினாலும் வழியாது, யாருக்கும் தெரியாது.

வழிந்து காட்டிக்கொடுக்கும் மருந்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு தற்காப்பு. உங்கள் கையேட்டில் அதே குண்டுக்குப் பல மருந்துகள் கொடுத்திருப்பார்கள். அவற்றுள் கூட்டைப் பாதிக்குமேல் நிரப்பும் மருந்தை எடுத்துக்கொண்டால், இரண்டாம் முறை ஊற்றும்போது மேசையெல்லாம் சிந்தும். சிந்துவது நல்லது.

குண்டூசி (திங்கள், காலை 8.30)

எதற்கு இவ்வளவு பேச்சு? மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், நான் எவ்வளவு போடுகிறேன் என்று சொல்கிறேன். பதினைந்து வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.

கூடு பொறுக்கி (திங்கள், காலை 8.52)

நண்பரே, அந்த எண் இங்கே வேண்டாம். உங்கள் துப்பாக்கி வேறு, அவருடையது வேறு. நீங்கள் ஒரு புள்ளியை இடம் மாற்றித் தட்டச்சு செய்தால் அங்கே ஒருவருக்கு விரல் போகும். அளவு அச்சிட்ட கையேட்டிலிருந்தோ மருந்துக் கம்பெனி வெளியிட்ட பட்டியலிலிருந்தோ மட்டும்தான் வர வேண்டும், அதுவும் அங்கே போட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்து.

அமெரிக்காவில் இந்த அழுத்த வரம்புகளை வகுப்பது 1926இல் தொடங்கிய துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் அமைப்பு. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் "சாமி" என்று வரும், நம் ஆள்கள் மறக்கவே மாட்டார்கள். .38 ஸ்பெஷலுக்குச் சாமி போட்ட கோடு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. அதன் அண்ணன் .357 மேக்னத்துக்கு 35,000. உங்கள் ரிவால்வர் எந்தக் கோட்டுக்குச் செய்யப்பட்டது என்பதைக் குழலில் பொறித்திருப்பார்கள்.

தராசுக்காரன் (திங்கள், மதியம் 12.20)

தராசு பற்றி யாரும் பேசவில்லை, என் குடும்பம் மூன்று தலைமுறையாக நகைப் பட்டறை வைத்திருந்தது, ஆகவே நான் பேசுகிறேன். ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம், ஏறக்குறைய அரைக் குன்றிமணி. உங்கள் 0.4 கிரெயின் 26 மில்லிகிராம். பட்டறையில் இவ்வளவு நுணுக்கமாக நிறுக்கும்போது அப்பா மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சையும் பிடித்துக்கொள்வார்.

முதலில் ஒரு கணக்கு. காலித் தட்டுடன் திரை கழித்தல் 0.4 காட்டினால், அந்த நேரத்தில் நீங்கள் திரையைப் பார்த்து நிறுத்தவை உண்மையில் 0.4 கூடுதலாக இருந்திருக்கும். நாலு கிரெயின் போடும் இடத்தில் 0.4 என்பது பத்தில் ஒரு பங்கு. தொடக்க அளவைப் பொதுவாக உச்ச அளவுக்குப் பத்து விழுக்காடு கீழே வைப்பார்கள். அந்த இடைவெளி முழுவதையும் தராசு தின்றுவிட்டது. எப்போது நகர ஆரம்பித்தது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அழைப்புக்கு முன் போட்ட கடைசிச் சில தோட்டாக்களைத்தான் நான் சந்தேகப்படுவேன், ஆனால் அவை இப்போது கலந்துபோய்விட்டன.

தராசைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள்? தலைக்குமேல் ஏசி காற்று வரும் துவாரம் இருக்கிறதா? கைப்பேசி அதன் பக்கத்திலேயே கிடந்ததா? போட்டவுடன் நிறுக்க ஆரம்பித்தீர்களா? இந்த வகைத் தராசு அரை மணி நேரம் சூடாகிய பிறகுதான் நிலைக்கும்.

தட்டைத் தூக்குங்கள். பூஜ்யமாக்கிய தராசிலிருந்து தட்டை எடுத்தால் திரையில் கழித்தல் குறியுடன் தட்டின் எடை தெரியும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தராசின்மேலேயே ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை மருந்தை ஊற்றத் தட்டை எடுக்கும்போதும் அதே எண் வர வேண்டும். 0.1 மாறினாலும் நிறுத்துங்கள். காசு செலவில்லாத காவல்காரன் இது. கூடவே, நீங்கள் போடும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு எடைக்கற்களும் வாங்குங்கள். தராசுடன் வந்த இருபது கிராம் கல் பெரிய எடையில்தான் சரிபார்க்கும்.

இன்னொன்று, அலகுப் பொத்தான் விரல்பட்டுக் கிராமுக்கோ காரட்டுக்கோ தாவிவிடும். தினமும் முதல் வேலையாக அலகைப் பாருங்கள்.

டெக்சாஸ் புதியவன் (திங்கள், இரவு 8.10)

தராசுக்காரன் ஐயா, என் வீட்டுக்கு வந்து பார்த்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். துவாரம் மேசைக்கு நேர்மேலே இருக்கிறது. கைப்பேசியைத் தராசில் சாய்த்துத்தான் வைத்திருந்தேன்.

பத்துக் காலிக் கூடுகளையும் நிறுத்தேன். மூன்று கம்பெனி முத்திரைகள். மிக லேசானதற்கும் மிகக் கனமானதற்கும் வித்தியாசம் 4.1 கிரெயின். என் மருந்தின் முழு அளவே அதைவிடக் குறைவு. யோசனையைக் கைவிட்டுவிட்டேன். ஐம்பதையும் பிரிக்கப்போகிறேன். எப்படிப் பிரிப்பது?

குறி பார்ப்பவள் (திங்கள், இரவு 8.45)

குண்டைக் கழற்றச் சுத்தியல் வடிவில் ஒரு புல்லர் கிடைக்கும். அதனுடன் வரும் கவ்வியிலேயே தோட்டாவை மாட்டி, கட்டையின்மேல் தட்டினால் குண்டும் மருந்தும் உள்ளே விழுந்துவிடும். கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள். ஒவ்வொன்றின் மருந்தையும் ஊற்றிக் கொட்டுவதற்குமுன் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. கலந்த மருந்தைத் திரும்ப டப்பாவில் ஊற்றாதீர்கள், தூசியும் துணுக்கும் சேர்ந்திருக்கும். மேசையின்மேல் ஒரே நேரத்தில் இரண்டு மருந்து டப்பாக்கள் எப்போதும் இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் அளவைக்குழாயில் மிஞ்சியதைச் சொந்த டப்பாவிலேயே சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அது என்ன மருந்து என்று ஊகிக்க வேண்டிவரும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள்: ஐம்பது துளைப் பலகையில் கூடுகளை எல்லாம் கவிழ்த்து வையுங்கள். நிமிர்ந்தது மருந்து விழுந்தது, கவிழ்ந்தது விழாதது. ஐம்பதும் நிமிர்ந்த பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள். ஒன்று மட்டும் இருண்டு தெரியும், அல்லது ஒன்று மட்டும் மேடாகத் தெரியும். அதுவரை ஒரு குண்டையும் தொடாதீர்கள். அம்மா அழைத்தால் பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள், பலகை உங்கள் நினைவை வைத்திருக்கும்.

விசா வரிசை (செவ்வாய், காலை 6.50)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எச்-1பி விசாவில் இருப்பவர் இதைச் செய்யலாமா? ஊருக்கு வரும்போது அண்ணனுக்கும் சொல்லிக்கொடுக்கலாமா?

கூடு பொறுக்கி (செவ்வாய், காலை 7.30)

இரண்டுக்கும் வேண்டாம் என்பதுதான் பதில். எச்-1பி போன்ற குடியேறா விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்யக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, விற்றால் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவு: உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். அண்ணனுக்கு நல்ல கைக்கடிகாரம் வாங்கிப் போங்கள்.

டெக்சாஸ் புதியவன் (வியாழன், இரவு 10.05)

பிரித்து முடித்தேன். இரண்டு மாலைகள் ஆயின, தோள்பட்டை கழன்றுவிட்டது.

இரண்டு மடங்கு எதிலும் இல்லை. நாற்பத்திரண்டு சரியான அளவு. ஏழில் 0.2 முதல் 0.4 வரை கூடுதல். ஒன்றில் மருந்தே இல்லை. புல்லரைக் கவிழ்த்தபோது குண்டு மட்டும் "டக்" என்று உள்ளங்கையில் விழுந்தது. கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், பித்தளை பளபளவென்று சுத்தமாக இருந்தது. வரும் சனிக்கிழமை அந்தப் பெட்டியுடன்தான் பக்கத்து வீட்டுப் பெரியவரும் நானும் மைதானத்துக்குப் போவதாக இருந்தோம்.

தராசுக்கு ஒன்றுமில்லை. ஏசியை நிறுத்தினால் தட்டைத் தூக்கும் எண் அரை மணி நேரம் அசையவில்லை. ஏசி ஓடினால் மேலும் கீழும் ஆடுகிறது. மேசையை ஜன்னல் இல்லாத சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டேன்.

ஒரு சிறு சந்தேகம் மிச்சம். கூடுகளைச் சோளச் சக்கைத் தூளில் போட்டு உருட்டிச் சுத்தம் செய்கிறேன். பிறகு சமையலறைச் சல்லடையில் சலித்துக் கூடுகளைப் பிரிக்கிறேன். அதில் தவறில்லையே?

குறி பார்ப்பவள் (வியாழன், இரவு 10.12)

ஐயோ. அந்தச் சல்லடை இப்போது எங்கே இருக்கிறது? பிரைமரில் ஈயச் சேர்மம் உண்டு, அது வெடித்த கரி முழுவதும் அந்தத் தூளில்தான் இருக்கிறது. சலிக்கும்போது பறக்கும் தூசி மூக்குக்கும் போகும், சல்லடைக்கும் ஒட்டும். அதை இனி அடுக்களைக்குள் கொண்டுபோகாதீர்கள், கழுவிவிட்டேன் என்றும் சொல்லாதீர்கள். சலிப்பதை வீட்டுக்கு வெளியே முகக்கவசத்துடன் செய்யுங்கள், அல்லது தண்ணீரும் எஃகு ஊசிகளும் போட்டு உருட்டும் முறைக்கு மாறுங்கள், அதில் தூசியே கிடையாது. கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு, குழந்தை, எல்லாம்.

டெக்சாஸ் புதியவன் (வியாழன், இரவு 10.31)

ரவைச் சல்லடை மாட்டும் கொக்கியில்தான் மாட்டியிருந்தது. எடுத்துக் கராஜில் வைத்து, அதன்மேலும் ஒரு தாள் ஒட்டிவிட்டேன். மனைவி ஏன் என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.