புதுப்பிப்பு: தாத்தாவின் காரியம் முடிந்தது, ஒரு திருத்தமும் உண்டு

போன மாதம் தாத்தா இறந்த இரவு, தூக்கம் வராமல் இங்கே எழுதியிருந்தேன்: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு, 84 வயதிலும் டிவிஎஸ் 50, 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகும் "தருமபுரி ஜில்லா" என்றே விலாசம் சொல்லும் பிடிவாதம். "இன்னும் சொல்லுங்க" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எங்களுக்குத் தெரியாத லாரி டிரைவர்கள். சீசனில் பெங்களூரா காயை (வெளியூர்க்காரர்களுக்குக் கிளிமூக்கு) மாங்கூழ் ஃபேக்டரிக்கு ஏற்றிப் போனால் ராத்திரி முழுக்க வாசலில் வரிசைதான். காய் பழுக்கும், விலை இறங்கும், எல்லோரும் புலம்புவார்கள். தாத்தா மட்டும் லாரி மேல் ஏறி, தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரனாகக் கேலி பேசி, துண்டை முக்காடு போட்டு ராணி குரலில் அவரே பதிலும் சொல்வாராம்! இளவயதில் கூத்தாடியவர் என்று தெரியும். இது தெரியாது. விடிந்ததும் முதல் ஆளாக மூட்டை தூக்குவாராம்.

திருத்தம்: தோப்பு பரம்பரைச் சொத்து என்று எழுதிவிட்டேன். பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "எவன்டா சொன்னது? கூலிக்குக் கெவுரு அறுத்துச் சேத்த காசுடா அது."

படையலில் களியும் கருவாட்டுக் குழம்பும். உப்பு கொஞ்சம் தூக்கல். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்.

வண்டி என்னாச்சு என்று கேட்டவருக்கு: என்னிடம்தான் இருக்கிறது. கிளம்ப மாட்டேன் என்கிறது. எங்கே உதைக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.